வாளும் கையெழுத்தும்

பத்திரிகையில் ஒரு சிறுகதை கண்ணில் பட்டதும் நாம் முதலில் செய்கிற காரியம் என்ன? யார் எழுதியது என்று பார்ப்பதுதான். தெரிந்த பெயராக இருந்தால் நாற்காலியில் சற்று வசதியாகச் சாய்ந்துகொள்கிறோம். தெரியாத பெயரானால் இரண்டு பாராவுக்குமேல் பொறுமை நிற்பதில்லை. முதல் பக்கத்திலேயே பெயரைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு, "இது யார் எழுதியது, எந்தக் காலத்தில் எழுதியது, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டால் நம்மில் பலர் திண்டாடிப்போவோம். நானும் திண்டாடுகிறவர்களில் ஒருவன்தான் என்று எண்ணுகிறேன்.

இந்தச் சோதனையை ஒருவர் உண்மையாகவே செய்து பார்த்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிதைகளிலிருந்து கவிகளின் பெயரை எடுத்துவிட்டு மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். விளைவு 1929-ல் புத்தகமாக வந்தது. பெரிய கவிகள் அடி வாங்கினார்கள். சாமானியர்களுக்கு மாலை விழுந்தது. ஆங்கில இலக்கிய உலகம் அதைப் பார்த்துத் திடுக்கிட்டது. ஆனால் ஜப்பானில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். அங்கே வாள் ரசிகர்கள் இதையே ஒரு கலையாக, விளையாட்டாக, பிழைப்பாகக்கூடச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குக் 'கான்டேய்' என்று பெயர்.

வாளின் பிடிக்குள் நுழைந்திருக்கும் காம்பில்தான் கொல்லன் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பான். அந்தக் காம்பை மூடிவிட்டு, அலகை மட்டும் சபையில் வைப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வணங்கிவிட்டு அதை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்து, செய்தவன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் சீட்டைப் பார்த்து ஒரே வார்த்தையில் பதில் எழுதுவார். 'அதாரி' என்றால் சரியாகப் பட்டது. 'தோஸென்' என்றால் ஏறக்குறையச் சரி. குருவின் பெயருக்குச் சிஷ்யன் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள், குற்றமில்லை. 'இயா' என்றால் இல்லை. வழக்கமாக மூன்று தடவை சொல்லிப் பார்க்கலாம்.

இந்தத் 'தோஸென்' என்ற வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நமது இலக்கிய விமர்சனத்தில் இதற்கு இடமே இல்லை. நமக்குச் சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. தவறிலும் அறிவுள்ள தவறு ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நாகரிகம் தெரிகிறது.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். இரும்புத் துண்டைப் பார்த்து அறுநூறு வருஷத்துக்கு முன் இருந்த ஒரு மனிதனின் பெயரைச் சொல்வதாவது! ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஜோசியம் இல்லை. வாழ்நாள் முழுவதும் வாள்களுக்கு மெருகிட்டே கழித்த நாகயாமா கோகான் என்பவருடைய நூல் ஒன்று 1997-ல் ஆங்கிலத்தில் வந்தது. பல பக்கங்கள் அகராதி மாதிரிதான் இருக்கின்றன. கதை படிக்கிற நினைப்போடு எடுத்தால் தூக்கம் வரும். ஆனால் ஒரு தொழிலாளியின் விரல் நுனி அதில் பேசுகிறது. 1958-ல் அமெரிக்கர்களை உத்தேசித்து ஜான் யுமோட்டோ எழுதிய சிறு கைநூல் படிக்கச் சுலபமானது. இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் ஒருவாறு பிடிபடுகிறது.

முதலில் உருவத்தைப் பார்க்க வேண்டும். பெயரைப் பற்றி நினைக்கவே கூடாது. வாளைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். குதிரைமேல் உட்கார்ந்து போரிட்ட காலத்து வாள் பிடிக்குப் பக்கத்திலேயே ஆழமாக வளைந்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து, சின்ன மூக்கோடு முடியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அலகு அகலமாகிறது. 1274-லும் 1281-லும் மங்கோலியர் படையெடுத்து வந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அரசசபைகள் சண்டையிட்டபோது வாள்கள் ராட்சஸ உருவம் கொண்டன. பிறகு தரையில் நின்று போரிடும் காலம் வந்தது. வாள் குட்டையாயிற்று, வளைவு நுனிப் பக்கம் நகர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், தோகுகாவா ஆட்சி நிலைத்துச் சண்டையே இல்லாமல் போன பிறகு, வாள் ஏறக்குறைய நேராகிவிட்டது. மூங்கில் கழியை வைத்துப் பயிற்சி செய்த பழக்கம் இதற்குக் காரணம் என்று சொல்வதுண்டு. ஆக, வளைவை மட்டும் பார்த்தே நூறு வருஷத்துக்குள் காலத்தைச் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம் என்றேன். அதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. அந்த ராட்சஸ வாள்களைப் பிற்காலத்தார் காம்புப் பக்கமாக வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டும்போது கொல்லன் பெயரும் போயிற்று, வளைவின் ஒரு பகுதியும் போயிற்று. பிடியில் ஆணி செருகும் துளை ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று இருந்தால் இந்த வெட்டு நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது கண்ணி இன்னும் பொல்லாதது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸுயிஷின்ஷி மஸஹிதே என்ற கொல்லர், பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாக் காலத்து உருவங்களையும் பிரதி செய்தார்கள். ஐந்நூறு வருஷத்து வளைவு இருக்கும். வயது நூற்றைம்பதுதான் இருக்கும்.

அப்போது கைகொடுப்பது இரும்பு. நம் ஊர்க் கொல்லன் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியக் கொல்லன் தோய்ப்பதற்கு முன் அலகின்மேல் களிமண் பூசுவான். முதுகுப் பக்கம் கனமாக, வாய்ப் பக்கம் மெல்லியதாக. மண் மெல்லியதாக இருக்கும் இடம் சட்டென்று ஆறி இறுகிப்போகிறது. மற்ற இடம் மெதுவாக ஆறிச் சற்று நெகிழ்ந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெண்மையான கோடு விழுகிறது. அந்தக் கோடுதான் கொல்லனின் முகம். பிஜென் மாகாணத்தில் அது கிராம்பு மொட்டுக்களை அடுக்கியது போல எழும்பும். மினோ மாகாணத்துக் கானெமோட்டோ பரம்பரையில் மூன்று மூன்று தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்பது போலிருக்கும். காமகுராவைச் சேர்ந்த ஸோஷூ மரபில் கண்ணுக்குத் தெரியும் மணிமணியான ஒளித்துகள்கள் சிதறிக் கிடக்கும். வேறு மரபுகளில் அவையே கரைந்து மூடுபனி போலாகிவிடும். நுனி மூக்கில் அந்தக் கோடு எப்படித் திரும்பி வருகிறது என்பதை நிபுணர்கள் மிக உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். கோட்டின் மற்றப் பகுதியைப் போலி செய்கிறவன்கூட அந்தத் திருப்பத்தில் தன் சொந்தப் பழக்கத்துக்குப் போய்விடுகிறானாம். நாவலாசிரியனுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். மற்றவர் நடையில் எழுதுகிறவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அத்தியாயம் முடியும் இடம்தான்.

பழைய வாள் எத்தனையோ தடவை மெருகிடப்பட்டுத் தேய்ந்திருக்கும். காம்புக்கு அருகே அலகின் வாய் தீட்டப்படாமல் மழுங்கலாகவே, கொல்லன் விட்டபடியே இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்து வாள்தான். வயதானவருக்கு முழங்கால் தேய்ந்திருப்பது மாதிரி, வாளுக்கும் சில இடங்களில் தேய்ந்தேயாக வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பிடியைக் கழற்றிக் காம்பைப் பார்க்க வேண்டும். காம்பில் முதலில் பார்க்க வேண்டியது துரு. எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நூற்றாண்டுக் கணக்கில் பிடிக்குள் அடைந்து கிடந்த இரும்பு ஆழ்ந்த கறுப்புத் துருவைச் சேர்த்திருக்கும். இதை யாரும் தேய்க்கக் கூடாது. வீட்டில் பழைய வாள் ஒன்று அகப்பட்டதும் உப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு காம்பைப் பளபளவென்று துலக்கி வைக்கிற உற்சாகிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பழைய ஏட்டுச் சுவடியைச் சோப்புப் போட்டுக் கழுவியதற்குச் சமானம் அது. போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதும் இந்தத் துருவால்தான். வெட்டின் உள்ளே உள்ள துருவும் வெளியே உள்ள துருவும் ஒரே வயதாக இருக்க வேண்டும். உளி இறங்கும்போது வெட்டின் இரு கரையிலும் இரும்பு சற்றே மேடிட்டுப் புடைக்கும். நெடுங்காலத்தில் அந்த மேடு மழுங்கிவிடும். முந்நூறு வருஷத்துப் பெயரில் கரைமேடு கூராக நின்றால், யாரோ சமீபத்தில் உளி பிடித்திருக்கிறான்.

சரி, பெயர் உண்மையானதே என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது செய்தவன் யார் என்று தெரிந்துவிட்டதா? அதுவும் இல்லை. 'ஸுகெஸதா' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிஜென் மாகாணத்து ஒஸாபூனே கிராமத்தில் இந்தப் பெயரில் கையெழுத்திட்ட கொல்லர்கள் பல டஜன் பேர். பதினாறாம் நூற்றாண்டில் எங்கும் போர். படைத்தலைவர்கள் வாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கினார்கள். பட்டறைகளும் கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளி, 'பிஷூ ஒஸாபூனே ஸுகெஸதா' என்று சுருக்கமாகப் பெயர் வெட்டி அனுப்பின. அதே கிராமத்தில், அதே காலத்தில், ஒரு பிரபு தனக்கென்று சொல்லி ஒரு வாள் செய்வித்தால் கையெழுத்து நீண்டுவிடும். மாகாணத்தின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதி, வசிப்பவன் என்று சேர்த்து, யோஸோஸாஎமோன் என்ற தன் சொந்தப் பெயரையும் வெட்டி, அதற்குப் பிறகு ஸுகெஸதா செய்தது என்று முடிப்பான். முதலாவது ஒரு முத்திரை. இரண்டாவது ஒரு மனிதன். இரண்டிலும் பெயர் ஒன்றே. நீளத்தில்தான் வித்தியாசம்.

மறுபக்கத்தில் தேதி இருக்கலாம். 'எய்ஷோ இரண்டாம் வருஷம், எட்டாம் மாதம், ஒரு நாள்' என்று இருந்தால் 1505. பழைய வாள்களில் எத்தனையோவற்றில் மாதம் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கிறது. மற்ற மாதங்களில் ஜப்பானியக் கொல்லர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமல்ல. அது ஒரு மங்கள வழக்கு. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது வருஷச் சக்கரம் உண்டு, சில வாள்களில் அதையும் வெட்டியிருக்கிறார்கள். அது தனியாக நின்றால் எந்தச் சுற்று என்று தெரியாமல் நம் பாட்டனார் ஜாதகத்தைப் பார்த்து விழிக்கிறதுபோல் விழிக்க வேண்டியதுதான். பக்கத்தில் அரசாட்சிக் காலத்தின் பெயரும் இருந்தால் பிழைத்தோம்.

போலிகளைப் பற்றிப் பேசினால் கொடெட்ஸுவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எச்சிஸென் மாகாணத்தில் கவசம் செய்துகொண்டிருந்தவர். ஐம்பது வயதை ஒட்டி எடோ நகரத்துக்கு வந்து வாள் அடிக்க ஆரம்பித்தார்; 1678-ல் காலமானார். ஐம்பது வயதில் புதுத் தொழில் தொடங்கி நாட்டின் முதல் வரிசையில் வந்து நிற்பதென்றால் சாமானியமா? பெயரில் உள்ள 'புலி' என்ற எழுத்தை முதலில் கால் நீட்டித் துள்ளுவது போல வெட்டினார். 1664-ஐ ஒட்டிப் பெட்டி போன்ற வேறு உருவத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆகவே அந்த ஒரு எழுத்தைப் பார்த்தே அவர் வாள்களை முன், பின் என்று பிரித்துவிடுகிறார்கள். முதல் உருவ எழுத்தைப் பிற்காலத் தேதியோடு சேர்த்து வெட்டி மாட்டிக்கொண்ட போலிக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். கொடெட்ஸு பெயரைக் கண்டால் போலி என்று எண்ணிக்கொள் என்பது வாள் வியாபாரிகளின் பாலபாடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹொஸோதா என்ற குடும்பப் பெயருள்ள கொல்லன் ஒருவன், காஜிஹெய் என்று பிரசித்தமானவன், போலிக் கையெழுத்தில் கைதேர்ந்திருந்தான். அவன் சேர்த்து வைத்த கையெழுத்துப் படிகள் இன்று நிபுணர்களுக்குப் பாடப்புத்தகமாக உதவுகின்றன. 1864-ல் கியோட்டோவில் இகெதாயா சத்திரத்துச் சண்டையில் கோண்டோ இஸாமி வீசிய கொடெட்ஸு வாளைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். அது கொடெட்ஸு செய்ததே அல்லவாம். கியோமாரோ என்ற கொல்லர் செய்த வாளில் இந்த மனிதன் கொடெட்ஸு பெயரை வெட்டிக் கொடுத்தானாம். கதை உண்மையோ பொய்யோ, யோசித்துப் பாருங்கள். கியோமாரோவும் மகா கலைஞர். அவர் வாளுக்கு அவர் பெயர் போதவில்லை. இறந்து இருநூறு வருஷமாகப் போகும் ஒருவருடைய பெயர் வேண்டியிருந்தது.

பெயருக்கு இத்தனை விலை எப்படி வந்தது? இங்கேதான் விமர்சகர்கள் வந்து சேருகிறார்கள். ஹோனாமி என்ற குடும்பத்தார் வாள்களை மெருகிடுவதும் மதிப்பிடுவதும் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். ஹிதேயோஷிக்கும் பிறகு தோகுகாவா ஷோகன்களுக்கும் ஊழியம் செய்தார்கள். எழுத்துக் கலையிலும் மட்பாண்டத்திலும் பெயர்பெற்ற கோயெட்ஸு (1558-1637) இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். இவர்கள் ஒரு வாளைப் பார்த்து, செய்தவன் இன்னான், விலை இத்தனை பொன் என்று மடித்த காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். போரில் வென்ற தளபதிக்கு நிலம் கொடுப்பதற்குப் பதிலாக வாள் கொடுத்து மரியாதை செய்கிற காலம் அது. நிலத்துக்கு எல்லை உண்டு. விமர்சகர் காகிதத்துக்கு எல்லை ஏது? பெயர் வெட்டுப்பட்டுப் போன வாள்களில், தங்கள் தீர்ப்பைக் காம்பிலேயே தங்கத்தால் பதித்து வைப்பதும் உண்டு. கலைப்பொருளின் உடம்பிலேயே தன் அபிப்பிராயத்தைத் தங்க எழுத்தில் பொறிக்கும் உரிமை உலகத்தில் வேறு எந்த விமர்சகனுக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பொறாமையாகக்கூட இருக்கிறது.

1719-ல் ஷோகன் யோஷிமுனே கட்டளைப்படி இக்குடும்பத்தார் நாட்டின் பிரசித்தி பெற்ற வாள்களைப் பட்டியல் செய்து கொடுத்தார்கள். அதில் தலைமை ஸ்தானம் பெற்றவர்களுள் ஒருவர் காமகுராவைச் சேர்ந்த மஸமுனே. 1300-ஐ ஒட்டி வாழ்ந்தவர். கம்பர் என்றால் கவி என்பதுபோல் மஸமுனே என்றால் வாள். ஆனால் அவர் கையெழுத்துள்ளவை சில குறுவாள்களே. நீண்ட வாள்கள் எல்லாம் பெயரில்லாதவை; மஸமுனே என்று பிறர் சொன்னவை. அவர் வாள் தானே பேசும், கையெழுத்து எதற்கு என்று பக்தர்கள் விளக்கம் சொன்னார்கள். சௌகரியமான விளக்கம்!

1896-ல் இது வெடித்தது. அரண்மனை வாள்களுக்குப் பொறுப்பாக இருந்த இமாமுரா என்ற நிபுணரின் வாதம் 'யோமியுரி' தினசரியில் வெளிவந்தது. மஸமுனே என்று ஒரு மகாகலைஞன் இருந்ததே சந்தேகம். ஹிதேயோஷியும் ஹோனாமிகளும் பரிசளிக்க வாள் வேண்டும் என்பதற்காக ஊதிப் பெருக்கிய பெயர் அது என்ற கட்சி. எத்தனை பிரபுக்கள் அன்று காப்பி ஆறிப்போக உட்கார்ந்திருந்தார்களோ! மறுப்புகள் குவிந்தன. ஹிதேயோஷி பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 1423-ல் பிரதி செய்யப்பட்ட வாள்நூலில் மஸமுனே பெயர் இருக்கிறது என்று காட்டினார்கள். மஸமுனே இருந்தார் என்பதை இன்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இமாமுரா கேட்டதில் பாதிதான் அது. மற்றப் பாதி, இந்தக் குறிப்பிட்ட வாள் அவருடையதா என்பது. அதற்கு நூலில் பதில் இல்லை. ஒவ்வொரு வாளையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும். இமாமுரா வாதத்தில் தோற்றார். ஆனாலும் இந்த விவகாரத்தில் எனக்கு அவரிடம்தான் அதிக மரியாதை.

இப்போது ஒரு சங்கடமான பிரச்னை. நல்ல வாள் ஒன்றில் பொய்ப் பெயர் இருக்கிறது. என்ன செய்வது? 1948-ல் ஜப்பானில் அமைந்த வாள் பாதுகாப்புச் சங்கம் பொய்க் கையெழுத்துள்ள வாளுக்குச் சான்று கொடுப்பதில்லை. அந்தச் சங்கத்துப் பழைய சான்றுகள் சிலவற்றின்மேல் நம்பிக்கை தளர்ந்து, 1982-ல் புது முறை கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம். சான்று வேண்டுமென்றால் சொந்தக்காரர் பொய்ப் பெயரை அரத்தால் அழித்துவிட்டு, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்புகிறார். அப்போது, இன்ன பரம்பரையைச் சேர்ந்தது என்று சான்று வருகிறது. இதை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் நியாயத்தில் சாரமில்லாமல் இல்லை. பொய்யைச் சுமந்துகொண்டிருந்தால் நல்ல வாளும் ஏளனத்துக்கு ஆளாகிறது. அழித்துவிட்டால் அதை அதற்காகவே பார்க்கிறார்கள்.

என் அபிப்பிராயம் வேறு. இருநூறு வருஷத்துக்கு முன் ஒருவன் சொன்ன பொய், இன்று சரித்திரத்தின் ஒரு பகுதி. எந்தப் பெயருக்கு அன்று கிராக்கி இருந்தது, எந்தப் பெயரை எந்த வாளுக்கு ஒட்டினால் ஜனங்கள் நம்பினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதைவிட முக்கியம், இன்றைய நிபுணர் பொய் என்று தீர்த்தது நாளைக்கு உண்மை என்று தெரிந்தால், அரம் தின்ற இரும்பு திரும்ப வராது. பிற்சேர்க்கை என்று சந்தேகப்படும் செய்யுளை நாம் அடைப்புக்குறிக்குள் போட்டு அச்சிடுகிறோம், ஏட்டைக் கிழிப்பதில்லை.

1945-ல் போர் முடிந்தபோது இந்தப் பிரச்னைகளெல்லாம் வேறு மாதிரி வந்து மோதின. தென்கிழக்கு ஆசியப் படைகளின் தலைவர் மௌண்ட்பாட்டன், சரணடையும் ஜப்பானிய அதிகாரிகள் வாளைத் தம் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த இந்தியப் படைகளின் கையிலும் அப்படி வாள்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்து முத்திரை குத்தியவை. ஸார்ஜண்டுகளின் வாளில், கயிறு சுற்றியதுபோல் வார்த்து வர்ணம் பூசிய உலோகப் பிடியும், அலகில் எண்ணும் இருக்கும். அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் அதிகாரிகள் சிலர் வீட்டில் தலைமுறையாக இருந்த அலகை எடுத்து ராணுவ உறையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காக்கி நிறத் தகர உறைக்குள் நானூறு வருஷத்து ஒஸாபூனே வாள் இருக்கலாம். உறையைப் பார்த்து அலகை எடைபோட்டவர்கள் எத்தனையோ நல்ல வாள்களைத் தோட்டத்துப் புல் வெட்டவும் கொடுத்திருப்பார்கள்.

போருக்குப் பின் ககோஷிமாவில் உள்ள தெருகுனி கோயிலிலிருந்து காணாமல்போன குனிமுனே வாள் ஒன்று அமெரிக்காவில் வால்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளர் கையில் கிடைத்தது. தேசியப் பொக்கிஷமாக ஜப்பான் அறிவித்திருந்த வாள். காம்ப்டன் வாள் ஆராய்ச்சியில் நல்ல பயிற்சி உள்ளவர். வாளின் வரலாறு தெரிந்ததும், 1960-களின் முற்பாதியில், ஒரு காசும் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் காம்பில் கையெழுத்து இருந்தது.

ஹோன்ஜோ மஸமுனே என்ற வாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தோகுகாவா குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து, 1939-ல் தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கும் உத்தரவுக்குப் பணிந்து குடும்பத் தலைவர் அதை டோக்கியோவில் மெஜிரோ போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. அதன் நீளமும், கோட்டின் படியும் ஜப்பானில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் அது இருக்குமானால், அந்த வீட்டுக்காரர் பிடியைக் கழற்றி, காம்பில் ஒரு எழுத்தும் இல்லாததைக் கண்டு, பெயரில்லாத வாள்தானே என்று மறுபடி பரணிலேயே போட்டிருப்பார்.